காணாத நாட்டில் கிணறு வெட்டிய டார்சி

1909-ம் ஆண்டு, ஏப்ரல் மாதம். ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகரம்.

அங்கே ஒரு வங்கியில் கூட்டம் முண்டியடித்தது. பணம் கட்டும் மேஜைக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராகப் பத்து வரிசை ஆட்கள் நின்றார்கள். அன்று முழுவதும் கூட்டம் கலையவில்லை.

என்ன விசேஷம்?

பாரசீக நாட்டில் எண்ணெய் கிடைத்துவிட்டது! அதை எடுத்து விற்க ஒரு புதிய கம்பெனி தொடங்குகிறார்கள். அந்தக் கம்பெனியில் பணம் போடத்தான் இத்தனை கூட்டம்.

பாரசீகம் என்பதுதான் இன்றைய ஈரான். கிளாஸ்கோவில் இருந்து ஆயிரக்கணக்கான மைல் தூரம். வரிசையில் நின்றவர்களில் அந்த நாட்டைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலரே இருந்திருப்பார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்த எண்ணெய்க்கு மூல காரணமான மனிதரும் பாரசீகத்தைப் பார்த்ததே இல்லை. வாழ்நாள் முழுவதும் அவர் அந்த மண்ணை மிதிக்கவில்லை. ஆனாலும் அந்த நாட்டின் முக்கால்வாசி நிலத்தில் எண்ணெய் தோண்டும் உரிமை ஒரு காலத்தில் அவர் கையில் இருந்தது.

அவர்தான் வில்லியம் நாக்ஸ் டார்சி.

அவருடைய கதை ஒரு கோடீசுவரரின் கதை மட்டும் அல்ல. அயல்நாட்டு எண்ணெயை நம்பிச் சேமிப்பைப் போட்ட சிறிய மனிதர்களின் கதையும் அதற்குள் இருக்கிறது.

வக்கீல் மகன்

டார்சி 1849-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி இங்கிலாந்தில், நியூட்டன் அபாட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை வக்கீல். லண்டனில் புகழ் பெற்ற வெஸ்ட்மினிஸ்டர் பள்ளியில் மகனைப் படிக்க வைத்தார்.

1866-ல் குடும்பமே கப்பல் ஏறி ஆஸ்திரேலியாவுக்குப் போனது. குவீன்ஸ்லாந்து பகுதியில் ராக்ஹாம்ப்டன் என்ற ஊரில் தந்தை வக்கீல் தொழில் நடத்தினார். மகனும் அதே தொழிலில் இறங்கினார். 1872-ல் எலினா என்ற பெண்ணை மணந்தார்.

டார்சிக்குக் குதிரைப் பந்தயம் என்றால் உயிர். தொழிலிலும் அவருக்கு அந்தக் குணம் உண்டு. நல்ல குதிரை என்று பட்டால் துணிந்து பணம் கட்டுவார்.

அப்படி ஒரு குதிரை 1882-ல் அவர் வாசலுக்கே வந்தது.

தங்க மலை

மார்கன் என்ற குடும்பத்துச் சகோதரர்கள் ராக்ஹாம்ப்டனுக்கு அருகே ஒரு மலையில் தங்கம் இருப்பதைக் கண்டார்கள். தோண்டுவதற்குக் கையில் பணம் இல்லை. ஊரில் இருந்த வங்கி மானேஜரிடம் போனார்கள். அந்த மானேஜர் தம்முடன் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் ஒருவர் டார்சி.

தோண்டத் தோண்டத் தங்கம் வந்தது. மார்கன் சகோதரர்கள் சில ஆண்டுகளிலேயே தங்கள் பங்கை விற்றுவிட்டு விலகினார்கள். டார்சி விலகவில்லை.

1886-ல் அது பெரிய கம்பெனி ஆயிற்று. டார்சிதான் அதில் மிகப் பெரிய பங்குதாரர். அப்போது இங்கிலாந்தின் நாணயம் பவுன். ஒரு பவுன் முகமதிப்புள்ள பங்கு, ஒரு கட்டத்தில் 17 பவுனுக்கு மேல் விலை போயிற்று. அந்தக் கணக்கில் டார்சியின் சொத்து 60 லட்சம் பவுனைத் தாண்டியது.

1889-ல் டார்சி பெரும் கோடீசுவரராக இங்கிலாந்து திரும்பினார். ஸ்டான்மோர் என்ற இடத்தில் மாளிகை வாங்கினார். லண்டனில் ஒரு வீடு. நார்போக் பகுதியில் ஒரு பண்ணை மாளிகை. எப்சம் குதிரைப் பந்தய மைதானத்தில் அவருக்கென்று தனி மாடம் இருந்தது. அங்கே தனி மாடம் வைத்திருந்த இன்னொரு குடும்பம், அரச குடும்பம்தான்!

1897-ல் மனைவி எலினா இறந்தார். 1899-ல் நீனா என்பவரை டார்சி மறுமணம் செய்துகொண்டார்.

வயது ஐம்பது. செல்வம் நிறைந்த வாழ்வு. அத்துடன் அவர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த குதிரை வந்தது.

ஷாவின் கையெழுத்து

1900-ம் ஆண்டு. பாரசீகத்தின் சுங்க இலாகாவில் பெரிய பதவியில் இருந்த கிதாப்ஜி என்பவர் பாரீஸ் நகருக்கு வந்தார். தம் நாட்டில் எண்ணெய் தோண்டப் பணக்காரர் யாராவது கிடைப்பாரா என்று தேடினார். விஷயம் டார்சியின் காதுக்கு வந்தது. பாரசீகத்தில் பல இடங்களில் பூமியில் இருந்து எண்ணெய் தானாகவே கசிகிறது என்று நிபுணர்கள் சொன்னார்கள். டார்சி துணிந்துவிட்டார்.

அவர் நேரில் போகவில்லை. மாரியட் என்ற பிரதிநிதியைத் தலைநகர் டெஹ்ரானுக்கு அனுப்பினார்.

அப்போது பாரசீக மன்னர் முசாபர் உத்தின் ஷா. அவருக்குப் பணமுடை. இங்கிலாந்து ஒரு பக்கம், ருஷியா மறு பக்கம் என்று இரண்டு வல்லரசுகள் அவர் நாட்டை நெருக்கிக்கொண்டிருந்தன. உரிமை ஆங்கிலேயருக்குப் போவதை ருஷியா விரும்பவில்லை.

அதனால் பேச்சு மிக ரகசியமாக நடந்தது. இந்த விவரத்தைப் பாரசீக மொழியில் எழுதி ருஷியத் தூதரகத்துக்கு அனுப்பினார்களாம். அதைப் படிக்கத் தெரிந்த அதிகாரி அப்போது ஊரில் இல்லை. அவர் திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்துவிட்டது என்று சொல்வார்கள்.

1901-ம் ஆண்டு மே 28-ந் தேதி ஷா கையெழுத்துப் போட்டார்.

60 ஆண்டு உரிமை. 4 லட்சத்து 80 ஆயிரம் சதுர மைல் நிலம். ருஷியாவை ஒட்டிய வடக்கு மாகாணங்கள் ஐந்தை மட்டும் விட்டுவிட்டார்கள். இதற்கு டார்சி தர வேண்டியது ரொக்கம் 20 ஆயிரம் பவுன், கம்பெனிப் பங்காக இன்னொரு 20 ஆயிரம் பவுன், ஆண்டுதோறும் நிகர லாபத்தில் 100-க்கு 16 பங்கு.

டார்சிக்குப் பரம திருப்தி. ஆனால் அவர் யோசிக்க வேண்டிய ஒரு விஷயம் இருந்தது.

இதே பாரசீகத்தில் இதற்கு முன்பும் அயல்நாட்டார் இப்படிப் பத்திரம் வாங்கியிருக்கிறார்கள். செய்தி நிறுவனம் நடத்திய ராய்ட்டர் 1872-ல் ரெயில்பாதை, சுரங்கம் எல்லாவற்றுக்கும் உரிமை வாங்கினார். எதிர்ப்புக் கிளம்பியது. மறு ஆண்டே ஷா அதை ரத்து செய்தார்.

1890-ல் ஓர் ஆங்கிலேயர் நாட்டின் புகையிலை வியாபாரம் முழுவதையும் குத்தகைக்கு எடுத்தார். மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள். மக்கள் ஒன்றுபட்டுப் புகை பிடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அரண்மனைப் பெண்கள் கூட ஹூக்காவைத் தொடவில்லையாம்! 1892-ல் அந்தக் குத்தகையும் ரத்தாயிற்று. நஷ்ட ஈடாக 5 லட்சம் பவுனைக் கடன் வாங்கிக் கொடுத்தது பாரசீகம்.

இவற்றில் இருந்து என்ன தெரிகிறது? பூமிக்குள் எண்ணெய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. பூமிக்கு மேலே இருக்கும் மக்கள் அதை எடுக்க விடுவார்களா என்பது வேறு கேள்வி. மன்னரின் கையெழுத்து முதல் கேள்விக்கும் பதில் அல்ல, இரண்டாவது கேள்விக்கும் பதில் அல்ல.

பணத்தை விழுங்கிய பாலைவனம்

எண்ணெய் தோண்டும் பொறுப்பை ஜார்ஜ் ரேனால்ட்ஸ் என்ற என்ஜினீயரிடம் டார்சி ஒப்படைத்தார். ரேனால்ட்ஸ் முன்பு இந்தியாவில் மராமத்து இலாகாவில் வேலை பார்த்தவர். இரும்பு நெஞ்சம் படைத்தவர்.

முதலில் சியா சுர்க் என்ற இடத்தில் தோண்டினார்கள். துருக்கி எல்லைக்குப் பக்கம். எந்திரங்களைக் கப்பலில் பாஸ்ரா துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து டைகிரிஸ் நதி வழியே பாக்தாத். அதன் பிறகு கோவேறு கழுதைகள் முதுகில் ஏற்றி மலை கடந்தார்கள். கூடாரத்துக்குள்ளேயே 120 டிகிரி வெயில். வெட்டுக்கிளி, அம்மை நோய், குடிநீர்ப் பஞ்சம், கொள்ளைக்காரர் பயம்.

1904 ஜனவரியில் எண்ணெய் வந்தது. டார்சி மகிழ்ந்தார். சில மாதங்களில் அது சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றே விட்டது.

இதற்குள் டார்சியின் பணம் கரைந்துவிட்டது. வங்கியில் 1 லட்சத்து 77 ஆயிரம் பவுன் கடன். தங்கச் சுரங்கப் பங்குகளை ஈடு காட்டியும் போதவில்லை. எண்ணெய் உரிமைப் பத்திரத்தையே அடமானம் வைக்கும்படி வங்கி கேட்டது. பிரிட்டிஷ் சர்க்காரிடம் கடன் கேட்டார். கிடைக்கவில்லை. பிரான்சுக்குப் போய் ராத்சைல்டு என்ற பெரும் பணக்காரக் குடும்பத்துடன் பேசினார்.

அதைக் கேள்விப்பட்டதும் லண்டனில் கடற்படை அதிகாரிகள் விழித்துக்கொண்டார்கள். நாளைக்குப் போர்க்கப்பல்கள் எண்ணெயில் ஓடப்போகின்றன. அந்த எண்ணெய் அயலார் கைக்குப் போகலாமா? டார்சிக்கு உதவ ஓர் ஆங்கிலேயக் கம்பெனியை அவர்களே தேடிப் பிடித்தார்கள்.

அதுதான் பர்மா எண்ணெய்க் கம்பெனி.

அந்தக் கம்பெனிக்குக் கிணறுகள் இருந்தது பர்மாவில். ஆபீஸ் இருந்தது கிளாஸ்கோவில். அது நமக்குப் புதிய கம்பெனி அல்ல. பிற்காலத்தில் நம் நாட்டில் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் விற்ற பர்மா ஷெல்லில் அதுவும் ஒரு பங்காளி. பர்மா ஷெல்லை 1976-ல் இந்திய சர்க்கார் எடுத்துக்கொண்டது. அதுவே இன்றைய பாரத் பெட்ரோலியம்.

1905-ல் பர்மா கம்பெனி டார்சியுடன் கூட்டுச் சேர்ந்தது. இனிமேல் செலவு அவர்கள் பொறுப்பு.

ஒரு வீட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்?

ரேனால்ட்ஸ் தெற்கே புதிய இடத்துக்குப் போனார். மஸ்ஜித் சுலைமான் என்று அதற்குப் பெயர். அது பக்தியாரி என்ற மலைச் சாதியார் ஆடு மேய்க்கும் பூமி.

டார்சியிடம் ஷாவின் கையெழுத்து இருந்தது. ஆனால் பக்தியாரித் தலைவர்கள் அதை மதிக்கவில்லை. நிலம் தங்களுடையது என்றார்கள். அவர்களுக்கு லாபத்தில் 100-க்கு 3 பங்கும், காவலுக்கு ஆண்டுதோறும் 2 ஆயிரம் பவுனும் தருவதாக 1905-ல் தனி ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. காவல் போதவில்லை. கடைசியில் இந்தியாவில் இருந்து குதிரைப் படை வீரர்களை வரவழைத்தார்கள்.

தலைநகரிலும் நிலைமை மாறியது. 1906-ல் மக்கள் கிளர்ச்சி செய்து பாராளுமன்றம் பெற்றார்கள். 1907 ஜனவரியில் முசாபர் உத்தின் ஷா காலமானார். பத்திரம் எழுதிக் கொடுத்தவரே போய்விட்டார்! அதே ஆண்டில் இங்கிலாந்தும் ருஷியாவும் பாரசீகத்தைச் செல்வாக்கு மண்டலங்களாகத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. பாரசீக மக்களை யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் அவர்கள் மனதில் ஆழமாகப் பதிந்தது.

1908 மே மாதம் பர்மா கம்பெனியின் பொறுமையும் தீர்ந்தது. 1,600 அடி வரை தோண்டியும் கிடைக்காவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பும்படி ரேனால்ட்சுக்கு உத்தரவுக் கடிதம் புறப்பட்டது. கடிதம் வந்து சேரும் வரை ரேனால்ட்ஸ் வேலையை நிறுத்தவில்லை.

மே 26-ந் தேதி விடியற்காலை. 1,180 அடி ஆழத்தில் இருந்து எண்ணெய் பீறிட்டது. துளைபோடும் கோபுரத்துக்கும் மேலே 50 அடி உயரம் பாய்ந்தது!

டார்சி பிழைத்தார்.

கூட்டம் உள்ளே, டார்சி வெளியே

இப்போது நாம் கிளாஸ்கோ வங்கிக்குத் திரும்பி வருவோம்.

1909 ஏப்ரல் 14-ந் தேதி ஆங்கிலோ-பாரசீக எண்ணெய்க் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 20 லட்சம் பவுன். பொது மக்களுக்கு இரண்டு வகைப் பத்திரங்களை விற்றார்கள்.

ஒன்று, 100-க்கு 6 லாபம் தரும் முன்னுரிமைப் பங்கு. லாபம் வந்தால் முதலில் இவர்களுக்குத் தருவார்கள்.  மற்றொன்று, 100-க்கு 5 வட்டி தரும் கடன் பத்திரம்.

லாபம் பெருகினால் பெருகும் சாதாரணப் பங்குகளில் பெரும்பாலானவற்றைப் பர்மா கம்பெனி தன் கையிலேயே வைத்துக்கொண்டது. கம்பெனியை நடத்தும் அதிகாரமும் அதனிடமே இருந்தது.

டார்சிக்கு என்ன கிடைத்தது? அவர் செலவழித்த சுமார் 2 லட்சம் பவுன் திரும்ப வந்தது. அதோடு 1 லட்சத்து 70 ஆயிரம் பங்குகள் கொடுத்தார்கள். அவற்றின் சந்தை மதிப்பு 9 லட்சம் பவுனுக்குச் சற்றுக் குறைவு.

அந்தப் பங்குகள் எந்தக் கம்பெனியுடையவை என்பதுதான் முக்கியம். அவை புதிய பாரசீகக் கம்பெனியின் பங்குகள் அல்ல. பர்மாவில் ஏற்கெனவே எண்ணெய் எடுத்து, விற்று, லாபம் கொடுத்துக்கொண்டிருந்த பர்மா கம்பெனியின் பங்குகள்!

அதாவது, பாரசீகத்து எண்ணெயை நம்பிச் சிறிய மனிதர்கள் வங்கி வாசலில் முண்டியடித்த அதே வேளையில், அந்த எண்ணெயின் தந்தை தம் பணத்தின் பெரும் பகுதியை வெளியே எடுத்துப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டார்.

இது மோசடி அல்ல. எட்டு ஆண்டுகள் பட்ட பாடு அவருக்குத் தெரியும். ஷா, பாராளுமன்றம், மலைச் சாதித் தலைவர்கள், ருஷியா, இங்கிலாந்து என்று ஒரு கிணற்றுக்கு எத்தனை பேர் உரிமை பேசுகிறார்கள் என்பதும் தெரியும். வரிசையில் நின்றவர்கள் பார்த்தது எண்ணெய் பீறிட்ட செய்தியை மட்டுமே.

டார்சி புதிய கம்பெனியின் டைரக்டர் ஆனார். ஆனால் கம்பெனியின் பெயரில் அவர் பெயர் இல்லை. அதற்காக மனைவி நீனா மிகவும் வருந்தினார்.

மூன்று மாதம் கழிந்தது. ஜூலையில் பாரசீகத்தில் மீண்டும் புரட்சி. புதிய ஷாவைத் துரத்திவிட்டு, அவருடைய சிறு வயது மகனை அரியணையில் உட்கார வைத்தார்கள். கடற்கரையில் அபாதான் தீவு வேறொரு ஷேக்கின் வசம் இருந்தது. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை கட்ட அந்த ஷேக்குடனும் தனி ஒப்பந்தம் செய்தார்கள்.

சர்க்கார் கூட்டாளி ஆனது

138 மைல் நீளத்துக்குக் குழாய் போட்டு எண்ணெயை அபாதானுக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஆலையில் ரங்கூனில் தொழில் பழகிய இந்தியத் தொழிலாளர்கள் பலர் வேலை செய்தார்கள். 1912-ல் ஆலை ஓடத் தொடங்கியது. ஆனால் எண்ணெயில் கெட்ட நாற்றம். சரியாகச் சுத்தம் ஆகவில்லை. விற்பனை மந்தம். கைப்பணம் தீர்ந்தது. கம்பெனி தத்தளித்தது.

அப்போது பிரிட்டனில் கடற்படை மந்திரியாக இருந்தவர் வின்ஸ்டன் சர்ச்சில். போர்க்கப்பல்களை நிலக்கரியில் இருந்து எண்ணெய்க்கு மாற்றிக்கொண்டிருந்தார். அவர் முயற்சியால் 1914-ல் பிரிட்டிஷ் சர்க்கார் 22 லட்சம் பவுன் போட்டு, கம்பெனியில் பாதிக்கு மேற்பட்ட பங்கை வாங்கிக்கொண்டது. ஜூன் 17-ந் தேதி பாராளுமன்றத்தில் 254 ஓட்டு ஆதரவு, 18 எதிர்ப்பு.

சிறு பங்குதாரர்கள் பெருமூச்சு விட்டார்கள். சர்க்காரே கூட்டாளி! இனி என்ன பயம்?

சில வாரங்களில் முதல் உலகப் போர் மூண்டது. அபாதானைக் காக்க இந்தியாவில் இருந்து படை கப்பல் ஏறியது. 1915-ல் துருக்கி, ஜெர்மனி தூண்டுதலால் மலைச் சாதியார் எண்ணெய்க் குழாயை வெட்டிவிட்டார்கள். பல மாதம் எண்ணெய் ஓடவில்லை. இருந்தும் கம்பெனி நிமிர்ந்தது. போர் அதற்கு வாடிக்கையைப் பெருக்கியது.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்குள்ளேயே ஒரு விஷ விதை இருந்தது. அதுவரை கம்பெனி ஒரு வியாபாரி. 1914-க்குப் பிறகு பாரசீகத்தார் கண்ணுக்கு அது பிரிட்டிஷ் சர்க்கார் ஆகிவிட்டது. அந்த நாட்டு மீது இருந்த கோபம் எல்லாம் கம்பெனி மீது திரும்பியது. பங்குதாரருக்குக் குடை பிடித்த கையே இடியையும் அழைத்து வந்தது.

அந்த இடியைப் பார்க்க டார்சி இல்லை. 1917-ம் ஆண்டு மே 1-ந் தேதி ஸ்டான்மோர் மாளிகையில் அவர் காலமானார். வயது 67.

நெருப்பில் விழுந்த பத்திரம்

டார்சி போனாலும் அவர் பெயரில் இருந்த பத்திரம் வாழ்ந்தது.

அதன்படி பாரசீகத்துக்கு நிகர லாபத்தில் 100-க்கு 16 தர வேண்டும். நிகர லாபம் என்றால் எது? கணக்கு எழுதுவது கம்பெனி. சரிபார்க்க முடியாமல் தவித்தது பாரசீகம். ஓயாத சண்டை.

1930-ல் பாரசீகத்துக்குச் சுமார் 13 லட்சம் பவுன் கிடைத்தது. உலகமெங்கும் வியாபார மந்தம். 1931-ல் கிடைத்தது வெறும் 3 லட்சம் பவுன். அப்போது ஆட்சியில் இருந்த ரேசா ஷா கொதித்தார். 1932 நவம்பரில், டார்சி பத்திரம் பற்றிய காகிதக் கட்டைத் தூக்கி நெருப்பில் போட்டார் என்று சொல்வார்கள். பத்திரம் ரத்து!

வழக்கு சர்வதேச சங்கம் வரை போயிற்று. 1933-ல் புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. நிலம் 1 லட்சம் சதுர மைலாகச் சுருங்கியது. 1993 வரை உரிமை என்று எழுதினார்கள்.

அதுவும் நிலைக்கவில்லை. கம்பெனி பாரசீகத்துக்குக் கொடுத்த பங்கை விட, பிரிட்டிஷ் சர்க்காருக்குக் கட்டிய வரி அதிகம் என்று ஆயிற்று. மண் யாருடையது, வருமானம் யாருக்கு என்று ஈரான் மக்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 1951-ல் ஈரான் பாராளுமன்றம் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. முசாதிக் பிரதம மந்திரி ஆனார். அக்டோபரில் ஆங்கிலேய ஊழியர்கள் அபாதானை விட்டுக் கப்பல் ஏறினார்கள்.

பிரிட்டன் ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் கோர்ட்டுக்குப் போயிற்று. பத்திரம் ஒரு சர்க்காருக்கும் ஒரு கம்பெனிக்கும் இடையே ஆனது, இரண்டு நாடுகளுக்கு இடையே ஆனது அல்ல, ஆகையால் இந்த வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று 1952-ல் கோர்ட் கூறிவிட்டது.

1953-ல் முசாதிக் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. அதில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத் துறைகளின் கை இருந்தது. அப்படியும் பழைய நிலை திரும்பவில்லை. 1954-ல் பல கம்பெனிகள் சேர்ந்த கூட்டமைப்பு வந்தது. டார்சி கம்பெனிக்கு 100-க்கு 40 பங்குதான். நஷ்ட ஈடாக 2 கோடியே 50 லட்சம் பவுனைப் பத்து ஆண்டுகளில் தர ஈரான் ஒப்புக்கொண்டது. 1979 புரட்சியுடன் அந்தக் கூட்டமைப்பின் கதையும் முடிந்தது.

இத்தனைக்கும் கம்பெனி அழியவில்லையே, எப்படி? அதற்குள் ஈராக், குவைத் நாடுகளின் எண்ணெயிலும் அதற்குப் பங்கு இருந்தது. ஒரே கிணற்றை நம்பாததால் பிழைத்தது. அதுதான் இன்றைய பி.பி. கம்பெனி.

பத்திரமான இடம் எது?

டார்சி தம் பணத்தைப் பர்மா கம்பெனியில் வைத்தார் அல்லவா? அதன் கதியும் கேட்க வேண்டியது.

1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது. தமிழர்கள் உள்பட லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகக் காடு மலை கடந்து ஊர் திரும்பிய நாட்கள் அவை. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று கம்பெனியின் கிணறுகளையும் ஆலையையும் பிரிட்டிஷ் அதிகாரிகள் உத்தரவுப்படி அழித்தார்கள்.

கம்பெனி நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டது. 1964-ல் லண்டன் பிரபுக்கள் சபை கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. பங்குதாரர்கள் மகிழ்ந்தார்கள். மறு ஆண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அந்த உரிமையை ரத்து செய்துவிட்டது. முன்தேதியிட்ட சட்டம்! அயல்நாட்டு ஷா மட்டும்தான் கையெழுத்தை அழிப்பார் என்பது இல்லை. சொந்த நாட்டுச் சர்க்காரும் அழிக்கும்.

அடுத்தவர் நிலத்தில் கிணறு வெட்டுவது போன்றது அயல்நாட்டு எண்ணெய் வியாபாரம். தண்ணீர் வராவிட்டால் போட்ட பணம் போயிற்று. வந்தால் நிலத்துக்காரர் விழித்துக்கொள்வார். அவர் மகன், அப்பா போட்ட கையெழுத்து செல்லாது என்பான். பங்காளிகள் வழக்குக்கு வருவார்கள். ஊர் திரண்டு, கிணறு ஊருக்கே சொந்தம் என்று சொல்லும். அந்தச் சொல்லில் நியாயமும் இருக்கலாம்.

பெரிய முதலாளிக்கு வேறு கிணறுகள் உண்டு. சர்க்காரின் கதவைத் தட்டச் செல்வாக்கு உண்டு. சிறு சேமிப்புக்காரருக்கு இருப்பது ஒரு காகிதம் மட்டுமே.

ஆகவே அப்படிப்பட்ட காகிதத்தை வாங்கும் முன் எண்ணெய் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று மட்டும் விசாரித்தால் போதாது. கையெழுத்துப் போட்டவர் யார்? நாளைக்கு அவர் இருப்பாரா? அந்த ஊர் மக்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது? நமக்கு முன்னால் உள்ளே போனவர் இப்போது உள்ளே இருக்கிறாரா, வெளியே வந்துவிட்டாரா? இவற்றையும் விசாரிக்க வேண்டும்.

கிளாஸ்கோ வங்கியில் முண்டியடித்த நாளில் இந்தக் கடைசிக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால், பதில் கம்பெனியின் கணக்கிலேயே இருந்தது. டார்சியின் பங்குகள் பர்மாவில் இருந்தன.